ஒரு நாளைக்கு அரை அடி

எண்ணூர்ப் பக்கம் ஐம்பதுகளின் தொடக்கத்தில், கொசஸ்தலை ஆற்றுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று யாருக்காவது தெரிய வேண்டியிருந்தால், நேரே தவசிமுத்து அண்ணாச்சியின் கடைக்குத்தான் வருவார்கள்.

"இன்னா அண்ணாச்சி, ஆறு இன்னா சொல்லுது?"

அண்ணாச்சி சட்டென்று பதில் சொல்லிவிடுவாரா? மாட்டார். கையிலிருக்கும் உழக்கைக் கீழே வைப்பார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைப்பார். செங்கல் பாலம் இருக்கும் திசையை ஒரு தரம் பார்ப்பார். பிறகுதான், நாடி பிடித்து முடித்த வைத்தியர் மாதிரி, "நாலே கால் அடி" என்பார். அது நல்லதா கெட்டதா என்று மேற்கொண்டு கேட்டால், "அதெல்லாம் மேலிடத்து விஷயம்லா" என்று முடித்துக்கொள்வார். கேட்டவன் புளியையோ மண்ணெண்ணெயையோ வாங்கிக்கொண்டு, ஏதோ பெரிய ரகசியம் தெரிந்துவிட்ட முகத்தோடு போவான்.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிழைக்க வந்து எண்ணூரில் ஒரு சின்ன மளிகைக் கடை போட்டிருந்தார். கடை சின்னது, அதில் உட்கார்ந்திருந்த ஆள்தான் பெரியவர். காரணம், அவர் வெறும் கடைக்காரர் இல்லை. சர்க்கார் உத்தியோகஸ்தர்! பொதுப்பணி இலாகாவுக்கு ஆற்றை அளந்து சொல்லும் கேஜ் ரீடர்.

அந்த உத்தியோகம் கிடைத்த விதத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். முன்பு அந்த வேலையைப் பார்த்தவன் ரயில்வேக்குப் போய்விட்டான். ஓவர்சியர் பரசுராமன் வெயிலில் அலைந்து, அண்ணாச்சி கடையில் கோலி சோடா குடிக்க ஒதுங்கினார். கடைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதியிருந்த எண்களைப் பார்த்தார். எண்கள் குண்டு குண்டாக, சுத்தமாக இருந்தன. "உமக்கு ஆத்துல தண்ணி அளக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தவசிமுத்து எண்ணெய் அளந்திருக்கிறார், அரிசி அளந்திருக்கிறார். தண்ணீரை அளப்பதில் என்ன கஷ்டம்? "தெரியும் ஐயா" என்றார். சோடா தீர்வதற்குள் வேலை ஆகிவிட்டது.

வேலை என்னவென்றால், செங்கல் பாலத்தின் மூன்றாவது தூணில் அடிக்கணக்கு பெயிண்டில் எழுதியிருக்கும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் போய்த் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை, கரையில் கட்டியிருக்கும் இரண்டு கயிறுகளுக்கு நடுவே ஒரு நெற்றுத் தேங்காயைப் போட்டு, இந்தக் கயிற்றிலிருந்து அந்தக் கயிற்றுக்கு அது மிதந்து போக எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீரின் ஓட்டம் அதில் தெரிந்துவிடும். வெள்ளக் காலத்தில் மணிக்கு ஒரு தரம் அளவெடுத்து, ஆறு அடிக்கு மேல் போனால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லித் தந்தி அடிக்க வேண்டும். இதற்காக இலாகா ஒரு ரிஜிஸ்தரும், ஒரு பாக்கெட் கடிகாரமும், வெள்ளை எழுத்துப் போட்ட ஒரு கறுப்புக் குடையும் கொடுத்திருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு அவர் வருகிற அழகுக்காகவே ஆறு ஓர் அடி ஏறிக் கொடுக்கலாம்.

சம்பளம் வெற்றிலை பாக்குக்குக் காணும். ஆனால் அண்ணாச்சி சம்பளத்துக்கா அந்த வேலையைப் பார்த்தார்? அவருடைய மச்சினர் ராசையாவுக்கு ராயபுரத்தில் பெரிய மண்டி. மனைவி சுகிர்தத்தின் அண்ணன். குடும்பத்தில் ஒரு கல்யாணம், ஒரு ஞானஸ்நானம் என்றால் ராசையா முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொள்வார். தவசிமுத்துவுக்குப் பந்தல் காலுக்குப் பக்கத்தில் பெஞ்சியில் இடம் கிடைக்கும், அதுவும் பிந்தி வந்தால் இல்லை. கேஜ் ரீடர் ஆன பிறகு கதையே மாறிவிட்டது. "எங்க மாப்பிள்ளை சர்க்கார்ல இருக்காவ" என்று மாமனார் நாலு பேரிடம் சொல்ல ஆரம்பித்தார். நாற்காலி வந்தது. ராசையாவுக்கு அடுத்த நாற்காலி! அண்ணாச்சி அந்தக் குடையைக் கல்யாணப் பந்தலுக்குள்ளும் கொண்டுபோய், மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்.

இவ்வளவு பெருமையுள்ள வேலையை ஒழுங்காகப் பார்த்தாரா என்று கேட்டுவிடாதீர்கள். காலை அளவு சரி. ஆறு மணிக்குப் பல்லில் வேப்பங்குச்சியோடு போய்ப் பார்த்துவிடுவார். மாலை ஆறு மணி என்பதுதான் வில்லங்கம். பாக்டரி விட்டு ஜனங்கள் வருகிற நேரம், அரிக்கன் விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கக் குப்பத்துப் பெண்கள் நிற்கிற நேரம். கடையை விட்டுவிட்டு ஆற்றைப் போய் யார் பார்ப்பது? அதனால் சாயங்கால அளவைக் காலையிலேயே எழுதிவைத்து விடுவார். ஏறுகிற காலமென்றால் கொஞ்சம் கூட்டி, இறங்குகிற காலமென்றால் கொஞ்சம் குறைத்து. கோடையில் இன்னும் சௌகரியம். கடல் மணலைத் தள்ளி ஆற்றின் முகத்துவாரத்தை அடைத்துவிடும். ஆறு குட்டைபோல அசையாமல் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, ஒரு வாரத்து அளவை ஒரே மூச்சில் எழுதிவிடுவார்.

"ஏங்க, வியாழக்கிழமை ஆறு எம்புட்டு நிக்கும்னு இன்னைக்கே தெரிஞ்சு போச்சா ஒங்களுக்கு?" என்பாள் சுகிர்தம்.

"அனுபவம்ட்டி, அனுபவம்."

"தீர்க்கதரிசி யாராவது வந்தா ஒங்களுக்கு எடத்த விட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவாவ."

ஆனால் இலாகா சுகிர்தத்தைப் போல நக்கல் பண்ணவில்லை. மூன்றாம் வருஷம் ஒரு கடிதம் வந்தது. எண்ணூர் கேஜ் ரீடரின் அளவுகள் மாகாணத்திலேயே மிக ஒழுங்கானவை என்றும், ஏற்றமும் இறக்கமும் மிகச் சீராக இருப்பதாகவும், மற்றவர்கள் அவரைப் பின்பற்ற வேண்டும் என்றும் எழுதி, முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். அண்ணாச்சி அதைச் சட்டம் போட்டு, கடையில் யேசுநாதர் படத்துக்குப் பக்கத்தில், அவரைவிட ஓர் அங்குலம் மட்டும் கீழே மாட்டினார். ராசையா ஒரு தரம் வந்தபோது அதை வாய்விட்டுப் படித்தார். இரண்டு தரம் படித்தார். அன்றைக்கு அண்ணாச்சி மச்சினருக்கு மூன்று சோடா உடைத்தார்.

ஆற்றின் அளவு நன்றாகத் தெரிந்த இன்னோர் இடம் உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி, நெட்டுக்குப்பத்துக்கு இந்தப் பக்கம், நாற்பது குடிசையுள்ள ஒரு சின்ன மீனவக் குப்பம். அங்கே மலர்க்கொடி என்று ஒருத்தி. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் நடந்தால் எதிரே வருகிறவன் ஒதுங்கித்தான் ஆகவேண்டும், வாயும் அப்படித்தான். அண்ணாச்சி வாரா வாரம் ஆற்றில் போடுகிற தேங்காய் மெதுவாக மிதந்து இவள் வீட்டு வாசலுக்குத்தான் வந்து சேரும். அதை உரித்து, உடைத்து, அரைத்துக் குழம்பில் ஊற்றிவிடுவாள்.

"அது சர்க்கார் தேங்காய். திருப்பித் தரணும்" என்று அண்ணாச்சி ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"சர்க்காரு வந்து கேக்கட்டும், ஒரு கிண்ணம் கொயம்பு குட்த்து அனுப்பறேன்" என்றாள் அவள்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்ததே, அது மழையா! வானத்தைக் கிழித்துக்கொண்டு ஊற்றியது. மேலே பூண்டி ஏரியில் ஷட்டரைத் திறந்துவிட்டார்கள். ஆறு நாலடி, ஐந்தடி, ஆறடி என்று ஏறியது. இத்தனை வருஷமாக எழுதிய ஆறு வேறு, இப்போது கண்ணெதிரே ஓடுகிற ஆறு வேறு என்று அப்போதுதான் அண்ணாச்சிக்கு உறைத்தது. கடையைச் சுகிர்தத்திடம் விட்டுவிட்டு, குடையோடு பாலத்திலேயே நின்றார். மணிக்கு ஒரு தரம் பார்த்தார், மணிக்கு ஒரு தரம் எழுதினார். கற்பனை கொஞ்சமும் கலக்கவில்லை. தந்தியும் அடித்தார்.

நவம்பர் மூன்றாம் தேதி காலை ஆறே முக்கால் அடி. மழை விடவில்லை. பதினொரு மணிக்கும் அதே அளவு. ஒரு வாய் கஞ்சி குடிக்கக் கடைக்கு வந்தார். பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால், மூன்றடி!

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். மூன்றடிதான். தூண் பாதி அம்மணமாக, பாசியோடு நின்றது. "யேசுவே!" என்று கத்தினார். கடைக்கு ஓடி, சுகிர்தத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, அந்தத் தூணப் பாத்துச் சொல்லு. என்ன எழுதியிருக்கு?"

"மூணு."

"நல்லாப் பாரு."

"நான் மூணு வரைக்கும் படிச்சவதான். அது மூணுதான்."

அவசரமாகத் தேங்காயைப் போட்டார். போன வாரம் ஆறு நிமிஷம் எடுத்துக்கொண்ட தூரத்தை அது நாற்பது செகண்டில் தாண்டி, வளைவில் மறைந்தது. அண்ணாச்சி ரிஜிஸ்தரைத் திறந்து, பன்னிரண்டு மணி, மூன்று அடி, தேங்காய் நாற்பது செகண்ட் என்று எழுதினார். இந்த மழையில் ஆறு இறங்குவதாவது என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார், ஒரு புள்ளிகூட மாற்றவில்லை.

மர்மம் சாயங்காலம் மண்ணெண்ணெய் வாங்க வந்த மலர்க்கொடியோடு கடைக்கே வந்தது. இடுப்பு வரைக்கும் சேறு.

"மொகம் வெட்டிட்டோம் அண்ணாச்சி. வூட்டுக்குள்ள இடுப்பு தண்ணி. பாயி, பானை, அல்லாம் மெதக்குது. கொயந்தைங்கள கூரைமேல ஏத்தி வெச்சிக்கினு எம்மா நாளு இருக்க முடியும்? மனு குடு, ஆபீசரு வந்து பாப்பாருன்றான். அவரு வர்றதுக்குள்ள நாங்க மணலிக்கு மெதந்து பூடுவோம். எங்க ஆளுங்க முப்பது பேரு மம்முட்டி எட்த்துகினு போயி மணலை வெட்டி வுட்டாங்கோ. தண்ணி கடலுக்கு பூட்ச்சி. ஒன் தேங்காயும் பூட்ச்சி."

அண்ணாச்சிக்கு மூச்சு வந்தது. ஆறு பைத்தியமாகவில்லை, தனக்கும் பைத்தியமில்லை.

"ஆனா நீ யாருக்கும் சொல்லாத" என்றாள் அவள். "உத்தரவு இல்லாம வெட்டக்கூடாதுன்னு போட்டுக்கீறாங்கோல்ல? போன வருசம் கிருஷ்ணப்பன் தம்பிய ரெண்டு நாளு ஸ்டேசன்ல வெச்சிருந்தாங்கோ. திரும்பி வந்தப்ப நடக்க முடியல அவனால."

கிருஷ்ணப்பன் குப்பத்துத் தலைவர். உப்பளத்து வரப்புகள் கரைந்து போகின்றன என்று யாரோ புகார் கொடுத்ததில், முகத்துவாரத்தை வெட்ட இலாகா தடை போட்டிருந்தது. வெட்ட வேண்டுமானால் மனுக் கொடுத்து, அதிகாரி வந்து பார்த்து, உத்தரவு வர வேண்டும். தண்ணீருக்கு அந்த விதியெல்லாம் தெரியாதே!

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்?" என்றார் அண்ணாச்சி.

பத்து நாள் கழித்து மெமோ வந்தது. மேலே மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒரு மணி நேரத்தில் ஆறு மூன்றே முக்கால் அடி இறங்கியதாக எழுதியிருப்பது நம்பத் தகுந்ததாக இல்லை. கேஜ் ரீடர் இடத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே அளவு எழுதியதாகத் தெரிகிறது. நேரில் விசாரணை நடக்கும். முன்பு அனுப்பிய பாராட்டுக் கடிதத்தைத் திரும்ப ஒப்படைக்கத் தயாராக வைத்திருக்கவும். விசாரணையில் குற்றம் என்று தெரிந்தால் வேலை நீக்கம்.

சுகிர்தம் மெமோவைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "வீட்ல இருந்து எழுதுனதுக்குப் பாராட்டு, பாலத்துல நனைஞ்சுகிட்டு எழுதுனதுக்கு மெமோவா? நல்லா இருக்கு ஒங்க சர்க்காரு!" சொல்லும்போது சிரித்தாள். ஆனால் அன்றைக்கு அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடினால் பந்தல் காலும் பெஞ்சியும்தான் தெரிந்தன.

வியாழக்கிழமை காலை ஓவர்சியர் பரசுராமன் ஜீப்பில் வந்து இறங்கினார். நேரே முகத்துவாரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பாலத்துக்கு வந்தார். அவர் பின்னாலேயே குப்பத்து ஜனமும் வந்து கரையில் நின்றது. கிருஷ்ணப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மலர்க்கொடி வாயை மூடிக்கொண்டு நின்றாள், அதை எண்ணூர் பார்த்ததே அன்றைக்குத்தான்.

ஓவர்சியர் ரிஜிஸ்தரைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் விரித்தார்.

"இத பாருய்யா. மூணு வருஷம். ஒரு குறை சொல்ல முடியுமா? படிக்கட்டு மாதிரி ஏறுது, படிக்கட்டு மாதிரி எறங்குது. ஆறுன்னா இப்படி இருக்கணும்! திடீர்னு இந்த ஒரு நாள் மட்டும் என்ன? மேல தண்ணி தொறந்து விட்டிருக்கோம். ஆறு ஏறணுமா, எறங்கணுமா?"

"ஏறணும் ஐயா."

"எறங்கியிருக்கே?"

"எறங்கிட்டு ஐயா."

"தேங்காய் நாற்பது செகண்டுல ஓடிச்சா? தேங்காயா, கல்கத்தா மெயிலா?"

ஓவர்சியர் குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, காகிதத்துக்குப் பயந்த மனுஷர்.

"எனக்குத் தெரியாதாய்யா? மொகத்தைப் பார்த்துட்டுத்தான் வரேன். தானா ஒடைஞ்ச மணல் ரெண்டு பக்கமும் வரப்புக் கட்டி நிக்குமா? வெட்டியிருக்காங்க. ஆனா காகிதத்துல ரெண்டுல ஒண்ணுதான் நிக்கும். வெட்டினாங்கன்னா உன் அளவு மெய். வெட்டலைன்னா உன் அளவு பொய். இதோ பேப்பர். 'குப்பத்துக்காரர்கள் வெட்டியதைப் பார்த்தேன்'னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. உன் வேலை தப்பிச்சுது. மீதிய போலீஸ் பார்த்துக்கும்."

மூன்று வருஷம் பொய் எழுதியபோது ஒரு நாளும் வியர்க்காத கை அண்ணாச்சிக்கு இப்போது வியர்த்தது. பேனாவை வாங்கினார். குண்டு குண்டாக, சுத்தமாக ஒரு வரி எழுதினால் போதும். நாற்காலி இருக்கும், குடை இருக்கும், யேசுநாதருக்கு ஓர் அங்குலம் கீழே கடிதம் இருக்கும். கரையைப் பார்த்தார். கிருஷ்ணப்பனின் தம்பி ஒரு காலை இழுத்தபடி அண்ணனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஐயா, அந்த அளவு பொய்தான்" என்றார். "அன்னைக்கு மழையில நான் பாலத்துக்கே வரல. வீட்ல படுத்துகிட்டு, வாய்க்கு வந்தத எழுதிட்டேன்."

அவர் வாழ்க்கையில் எத்தனையோ பொய் எழுதியிருக்கிறார். இவ்வளவு கஷ்டப்பட்டு ஒன்றும் சொன்னதில்லை.

ஓவர்சியர் சிவப்பு மையைத் திறந்து, அந்த ரிஜிஸ்தரிலேயே மிகவும் பாடுபட்டு எழுதப்பட்டிருந்த அந்த அளவை ஒரே கோடாக அடித்தார். அதற்கு மேலே தன் கையாலேயே ஆறரை, ஆறே கால், ஆறு என்று அழகாக இறக்கிக்கொண்டே வந்தார். தேங்காய்க்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்.

"வேலையை இப்போதைக்கு விட்டுவைக்கிறேன். ஆனா மறுபடி ஒரு தரம் ஆறு இந்த மாதிரிக் குதிச்சுதுன்னா, நான் வரமாட்டேன். ஆர்டர்தான் வரும்" என்று சொல்லி, சட்டம் போட்ட கடிதத்தை வாங்கி ஜீப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கடைச் சுவரில் ஆணி மட்டும் மிச்சம்.

சேதி ராயபுரத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும்? அடுத்த ஞாயிறே ராசையா வந்து ஆணியைப் பார்த்தார். "அளக்காமலே எழுதுனீராமே?" என்றார். அண்ணாச்சி ஒரு சோடாகூட உடைக்கவில்லை. சுகிர்தம்தான் உள்ளேயிருந்து வந்து, "எங்கண்ணா, ஒன் மண்டித் தராச நாங்க வந்து பாக்கலியே" என்று ஒரு போடு போட்டாள். வெளியில் அப்படிச் சொன்னவள், அன்றைக்கு உள்ளே போய் அழுதாள். புருஷன் எதற்காகப் பொய் சொன்னார் என்று குடும்பத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும், அதை அண்ணனிடம் சொல்ல முடியாதே என்றுதான் அழுகை.

கார்த்திகைக் கடைசியில் மறுபடி மழை. இதற்குள் கடல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்திருந்தது. முன்னதைப் போல அவ்வளவு பெரிய மழை இல்லை. ஆனாலும் ஆறு நாலே முக்கால் அடிக்கு வந்துவிட்டது. குப்பத்தில் முழங்கால் தண்ணீர். இனி மண்வெட்டியை எடுப்பார்கள், ஆறு குதிக்கும், ஆர்டர் வரும். அண்ணாச்சி குடையைத் துடைத்து, மடித்து, கடிகாரத்தோடு சேர்த்து மூலையில் வைத்தார். திருப்பிக் கொடுக்கும்போது சுத்தமாக இருக்கட்டும் என்றுதான்.

மறுநாள் காலை கிருஷ்ணப்பனும் மலர்க்கொடியும் கடைக்கு வந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கறேன், சொல்லு" என்றார் கிருஷ்ணப்பன். "ஆறு ஒரு நாளிக்கி எத்தினி எறங்குனா ஒன் ஆபீசு நம்பும்?"

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. "என்னத்துக்குக் கேக்குதீரு?"

"சொல்லேன்."

"அரை அடி... அரை அடி எறங்கினா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ."

"சரி, அரை அடி" என்று சொல்லி, ஏதோ அரை வீசை உப்புக்குச் சொல்லிவிட்டுப் போகிறவர் மாதிரி இறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம், ஐப்பசி வெள்ளத்தை விட்டால் மூன்று வருஷத்தில் முதல் முறையாக, அண்ணாச்சி கூட்டத்தை அப்படியே நிற்கவைத்துவிட்டு ஆறு மணிக்குப் பாலத்துக்குப் போனார். நாலே கால் அடி. சரியாக அரை அடி இறங்கியிருந்தது. மறுநாள் சாயங்காலம் மூன்றே முக்கால்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவருக்குப் பொறுக்கவில்லை. முகத்துவாரத்துக்கே நடந்து போனார். போய்ப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மணலில் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் வெட்டி, இரண்டு பக்கமும் பனந்துண்டுகளை அடித்து, உப்புச் சாக்கில் மணல் நிரப்பி அடுக்கியிருந்தார்கள். வெட்டிவிட்டால் ஆறு சும்மா இருக்குமா? கரையை அரித்து அகலமாக்கப் பார்க்கும். பத்துப் பேர் மாற்றி மாற்றி இடுப்புத் தண்ணீரில் நின்று, சாக்கைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்கே போகாமல், மீன் பிடிக்காமல், மூன்று நாளாக! காலை இழுத்து நடக்கிற அந்தத் தம்பி ஒரு பனந்துண்டின் மேல் உட்கார்ந்து, ஒரு குச்சியில் கோடு கிழித்து அரை அடிக்குக் காவல் இருந்தான்.

குப்பத்துக்குள் இன்னும் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். மலர்க்கொடி கவிழ்த்த கூடையின் மேல் அடுப்பைத் தூக்கி வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். ஒரே நாளில் வடிந்திருக்க வேண்டிய தண்ணீர்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "போதும்மா. முழுசா வெட்டிருங்க. வேலை போனாப் போவுது. எனக்காவ இந்தச் சேத்துல கெடப்பாவளா யாராவது?"

"கம்முனு போ அண்ணாச்சி" என்றாள் மலர்க்கொடி, அடுப்பை ஊதியபடி. "போன தபா நீ எங்களுக்கோசரம் நின்ன இல்ல? இந்த தபா நாங்க நிக்கறோம். நோட்ல எய்துற வேல ஒன்து. ஆத்த எறக்குற வேல எங்கிது. பேஜாரு பண்ணாம போயி ஆறு மணிக்கு அளவப் பாரு."

அண்ணாச்சி போய்ப் பார்த்தார். மூன்றே கால். எழுதும்போது ரிஜிஸ்தரில் ஒரு சொட்டு விழுந்து மை கலைந்தது. மழை அன்றைக்குக் காலையிலேயே விட்டிருந்தது. அதற்கப்புறம் அந்த மனுஷர் ஒரு சாயங்காலத்தைக்கூடத் தவறவிடவில்லை, கடையில் எவ்வளவு கூட்டம் நின்றாலும் சரி.

தை பிறந்ததும் இலாகாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எச்சரிக்கைக்குப் பின் கேஜ் ரீடர் திருந்தியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. டிசம்பர் மாத அளவுகள் மிக ஒழுங்காகவும், இறக்கம் மிகச் சீராகவும் உள்ளன. அதே முத்திரை.

சுகிர்தம் அதை வாங்கிக்கொண்டு ஆணியைப் பார்த்துப் போனாள். "இங்க வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. சட்டம் போட்டுக்கொண்டு, ஒரு சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு, குடையையும் பிடித்துக்கொண்டு குப்பத்துக்கு நடந்தார்.

மலர்க்கொடி வீட்டுச் சுவரில், இடுப்பு உயரத்துக்கு வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு இன்னும் காய்ந்து கிடந்தது. அதற்கு மேலே ஓர் இடம் பார்த்து அண்ணாச்சி ஆணியை வைத்தார்.

"இன்னா எய்திக்கீது அதுல?"

"ஆறு ரொம்ப ஒழுங்கா எறங்கிச்சாம்."

"பின்ன, எறங்காம?" என்றாள் அவள். சேற்றுக் கோட்டையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் மேல அடி. அடுத்த மயைக்கு நனஞ்சிடப் போவுது."

அண்ணாச்சி ஆணியைப் பிடுங்கி, அரை அடி மேலே தள்ளி அடித்தார்.